பைக்கில் ஒரு முதலுதவிப் பை

பைக் லேசாகச் சறுக்கினாலே முட்டியும் உள்ளங்கையும் உரிந்துவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை கைகொடுக்க, சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய பை அவசியம்.

● ஜிப் கவரில் வைக்க வேண்டியவை: உறை பிரிக்காத காஸ் துணி, சுருள் பேண்டேஜ், ஒட்டும் பிளாஸ்திரி, கையுறை, சிறு கத்தரிக்கோல். கூடவே ஒரு தண்ணீர் பாட்டில்.

● வெயிலில் சீட்டுக்கு அடியில் சூடேறும். மாத்திரை, களிம்பு அங்கே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைப் பிரித்து, காலாவதியானதை மாற்றுங்கள்.

● ரத்தம் பெருகினால் காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

● சைலன்சர் சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் தடவக் கூடாது.

● அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு பாதிக்கப்படலாம். மூச்சுவிட முடியாத நிலையில் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். மயங்கியவருக்குத் தண்ணீர் புகட்டவே கூடாது.

● செல்போன் லாக் ஸ்கிரீனில் ரத்த வகையும் வீட்டாரின் எண்ணும் தெரியட்டும்.

● உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

● நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தயங்காமல் உதவுங்கள்.