மாதச் சம்பளமா, வேலைக்கு விலையா?

புதுக்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். ஆதனக்கோட்டை முந்திரிக் கடைக்கு டிசைனர் ஒருவரை மாதம் 18,000 ரூபாய்க்கு நிரந்தரமாக எடுக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். நீ அனுப்பிய கணக்கையும் பார்த்தேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே ‘சரி மாமா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 2,16,000 என்று நிறுத்திவிட்டாய். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்காமல் இருக்க மாட்டாய். ஆக 2,34,000. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் சந்தா, உட்கார இடம், கரண்ட் பில் எதையும் நான் சேர்க்கவில்லை. அந்த ஆளுக்கு வருடம் முழுக்க உன்னிடம் என்ன வேலை இருக்கிறது என்று இப்போது எழுதிப் பார். ஆறு பாக்கெட்டுக்கு லேபிள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கை போட்டோ எடுப்பது. மாதாமாதம் இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நாலைந்து படம். திருச்சியில் நீயே விசாரித்த விலைப்படி லேபிளுக்கு 3,000 வீதம் 18,000. போட்டோவுக்கு 12,000 வீதம் 24,000. மாதப் படங்களுக்கு 4,000 வீதம் 48,000. கூட்டினால் 90,000. மிச்சம் 1,44,000.

அந்த மிச்சத்தைக் கொட்டை வாங்க வை. முந்திரிக் காடு குறைந்து தைலமரம் பெருகிய நம் பக்கத்தில் பண்ருட்டிக் கொட்டையையும் நம்பித்தான் கடை ஓடுகிறது. பங்குனியில் வரத்து தொடங்கும்போது ரொக்கம் வைத்திருப்பவன் பொறுக்கி வாங்குவான். கடனுக்கு நிற்பவன் மிஞ்சியதை வாங்குவான். அதே 1,44,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,880. ஆறு மாதத்துக்கு 17,280. அதாவது, கிட்டத்தட்ட டிசைனரின் ஒரு மாதச் சம்பளம் வெறும் வட்டியாகப் போகும்.

கீழ ராஜ வீதியில் நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதித்தான் நானும் உன் அத்தையும் குடும்பம் நடத்தினோம். முழுநேரக் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு அந்த நாலு பேரில் யாருக்கும் வியாபாரம் இல்லை. நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டதால் அவர்கள் கடையும் நடந்தது, என் வீட்டிலும் உலை கொதித்தது. விட்டுவிட்டு வருகிற வேலைக்கு வெளியாள், தினமும் வருகிற வேலைக்குக் கடையாள். நான் பார்த்தவரை கணக்கு இவ்வளவுதான். ஆனால் ஒன்று. வெளியாளின் மணிக்கணக்குக் கூலி சம்பளக்காரனைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வேலை இல்லாத நாளையும் அவன்தானே சுமக்கிறான்? அதில் பேரம் பேசி 500 ரூபாய் குறைத்தால், ஐப்பசி நெருக்கடியில் அவன் வேறொருவர் வேலையை முதலில் முடித்துக்கொடுப்பான். தீபாவளி வேலையை ஆடியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடு. வேலை முடிந்த வாரமே பாக்கியைத் தீர்த்துவிடு.

பேசியதை எழுத்தில் வைத்துக்கொள். அது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. ராயவரத்திலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியபோது, அங்கே கடையைப் பார்க்கப் போகும் ஏஜெண்டைச் சும்மா கப்பலேற்றிவிடவில்லை. பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளச் சீட்டு எழுதுவார்கள். ஒரு பங்கைக் குடும்பச் செலவுக்கு முன்கூட்டியே கொடுப்பார்கள். தவணை முடிந்து ஏஜெண்ட் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கடல் தாண்டிப் போன ஆளை நம்பி முதல் போட்டவர்களே சீட்டு இல்லாமல் போடவில்லை. நீ மட்டும் வாட்ஸ்அப்பில் ‘ஓகே ப்ரோ’ என்று ஒப்பந்தம் முடிக்கிறாய்.

வரைந்தது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் வரைந்த லேபிள், காசு நீ கொடுத்திருந்தாலும், எழுதி வாங்காதவரை வரைந்தவருக்கே சொந்தமாக இருக்கக்கூடும். போட்டோவில் நிலைமை தலைகீழ்: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. லேபிள் உரிமையை எழுதி வாங்கும்போது காலத்தையும் எல்லையையும் குறிப்பிட மறந்துவிடாதே. காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்குப் பார்சல் அனுப்பப் போகிறாய் இல்லையா? ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி, கீழே அவர் கையெழுத்து. அச்சுக்குப் போகும் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கு. கடைப் பக்கங்களின் பாஸ்வேர்டும் ஓடிபி வரும் நம்பரும் உன் பெயரிலேயே இருக்கட்டும்.

டிடிஎஸ் ஒன்று இருக்கிறது. போன நிதியாண்டில் உன் விற்பனை ஒரு கோடியைத் தாண்டியிருந்தால், வெளியாளுக்குக் கொடுப்பதில் வரி பிடித்துக் கட்ட வேண்டி வரும். பணம் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். கொட்டை வறுத்து உடைக்கும் பெண்களையும் ‘ஃப்ரீலான்ஸ்’ கணக்கில் எழுதலாம் என்று உன் நண்பன் யோசனை சொன்னானாம். அந்தப் பக்கமே போகாதே. பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இருபது பேர் ஆனால் பிஎஃப், உன் பங்கு 12 சதவீதம். எட்டுப் பேரை வைத்திருக்கும் நீ இதற்கு இப்போதே பயப்படுகிறாய். தினமும் நீ சொன்ன நேரத்துக்கு வந்து, உன் கொட்டகையில், உன் சட்டியில், நீ சொன்னபடி வேலை செய்கிறவரைத் தாளில் என்ன பெயர் போட்டாலும் சட்டம் தொழிலாளியாகத்தான் பார்க்கும். மாட்டினால் பாக்கி, வட்டி, அபராதம் என்று மூன்றும் சேர்ந்து வரும். சட்டத்தை விடு. முந்திரி ஓட்டின் பாலில் கை வெந்துபோகும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி இல்லாமல் செய்து மிச்சம் பிடிக்கிற வியாபாரத்தை நம் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. 18,000 ரூபாய் சம்பளத்துக்கு இஎஸ்ஐயில் உன் பங்கு மாதம் 585 ரூபாய். கடையில் ஒரு மாத டீச் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்.

டிசைனருக்கு ஆள் தேடும் விளம்பரத்தை இந்த வாரமே நிறுத்திவிடு. ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கல்லாவில் நின்று, பருப்பைத் தரம் பிரித்து, பார்சல் கட்டத் தெரிந்த ஆளை எடு. தஞ்சாவூர் ரோட்டில் காரை நிறுத்தி இறங்குகிறவர்களுக்குப் பதில் சொல்ல உன் கடையில் தினமும் ஆள் வேண்டும்.

அன்புடன்,
மாமா