முதலில் தேதியைக் கேளுங்கள்

சினிமா வக்கீலைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வராதீர்கள். தொழிலாளர் வழக்கிலும் வணிக வழக்கிலும் நீங்கள் மூச்சுப் பிடித்துப் பேச ஆரம்பித்தால், "டைப்டு செட்டில் எந்தப் பக்கம்?" என்று நீதிபதி கேட்பார். தட்டச்சு செய்த அந்த ஆவணக் கட்டில் சரியான பக்கத்தை உடனே எடுத்துக் காட்டுபவர்தான் இங்கே பிழைப்பார்.

ஒரு கட்சிக்காரர் வருகிறார். துணிக்கடைப் பையில் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வேலையிலிருந்து நீக்கிய கடிதம். "பத்து வருஷம் உழைச்சேன் சார்" என்று ஆரம்பிப்பார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேட்டுக்கொண்டே, தேதி முத்திரைக்காக, நீக்கிய கடிதம் வந்த தபால் உறையைத் தேடுங்கள். 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில், நீக்கப்பட்டவர் தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்று வருட அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அதிகாரியே அதை எடுக்க மாட்டார்.

அடுத்த கேள்வி, காலையில் ஆபீஸ் போனதும் அவர் என்ன வேலை செய்வார் என்பது. விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருக்கும். செய்தது பில் போடும் வேலையாக இருக்கும். நீதிமன்றம் பார்ப்பது வேலையைத்தான். உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் ஆகியோருக்குத் புதிய சட்டத் தொகுப்பின்படி தொழில் தீர்ப்பாயத்தின் கதவு திறக்காது. மேலாளர் என்றால் பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம், அதே நாற்காலி திரும்பக் கிடைப்பது அரிது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபீஸ் வாங்கிய பிறகு சொல்வது அழகல்ல.

ஒரு வேடிக்கை: தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் வக்கீலே ஆஜராக முடியும்!

வணிக வழக்கு வேறு ரகம். மூன்று லட்சம் ரூபாயிலிருந்தே வணிக நீதிமன்றம்தான். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கு என்றால் முன்கூட்டியே சமரசத்துக்குப் போயாக வேண்டும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. நீங்கள் பிரதிவாதி பக்கம் என்றால் சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் எதிருரை போட வேண்டும். 121-ஆம் நாள் காய்ச்சல் என்று சொல்லிப் பயனில்லை. சரக்கு வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட செய்தி இருக்கிறதா? அந்த செல்போனை விற்காதீர்கள் என்று கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தியின் நகலைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

வேலையை விட்டவரை மிரட்டும் நோட்டீஸ்களும் நிறைய வரும். ராஜினாமா செய்த பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அதற்காக எல்லா பாண்டும் வெற்றுக் காகிதம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற வங்கி நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது.

வருமானம்? ஜூனியருக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. கையில் வருவது சீனியரின் மனதைப் பொறுத்தது. சேரும் முன் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சேர்ந்த அன்றே தடித்த டைரி ஒன்று வாங்கி, ஒவ்வொரு கேஸ் கட்டின் கடைசித் தேதியையும் சிவப்பு மையில் எழுதுங்கள்.