வலியின் பயனை உணர்த்திய மருத்துவர் பால் பிராண்ட்



காலில் முள் தைத்தால் "ஐயோ!" என்று அலறுகிறோம். வலியே இல்லாத வாழ்வு வாய்த்தால் எத்துணை இன்பம் என்றும் எண்ணுகிறோம். ஆனால், வலி நமக்குக் கிடைத்த காவலன் என்பதை ஆராய்ந்து கூறினார் ஒரு மருத்துவர். அவரே பால் பிராண்ட்.

இவர் 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்து, தமிழகத்தின் கொல்லிமலையில் வளர்ந்தார். மலைவாழ் மக்களுக்குத் தொண்டாற்றிய ஆங்கிலேயச் சமயத் தொண்டர்களே இவர்தம் பெற்றோர். ஒன்பதாம் வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை காய்ச்சலால் மறைந்தார்; மகன் அவரை மீண்டும் காணவே இல்லை. கட்டட வேலையும் தச்சு வேலையும் பயின்ற பின்னரே பிராண்ட் இலண்டனில் மருத்துவம் கற்றார். 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடியுங்கள்" என்றார். அந்தப் பிடி அவருக்கே வலித்தது! 'நரம்பு சில கெட்டனவே அன்றித் தசைகள் யாவும் கெடவில்லை' என்பதை அன்று உணர்ந்தார். நன்கு இயங்கும் தசையின் நாரை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்து அறுவை செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன, சோறு பிசைந்தன, எழுதுகோல் பிடித்தன.

அவ்வாறாயின் விரல்கள் குறைந்துபோவது ஏன்? ஒரு நாள், துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருகினான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. அவனோ அதை அறியவில்லை! நோய் விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி இழந்தமையால் நேரும் காயங்களே விரலை அழிக்கின்றன என்று பிராண்ட் தெளிந்தார். உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்தன என்பதும் தெரியவந்தது. உடனே பூனைகள் வளர்க்கப்பட்டன.

கை சீரானோர் தொழில் கற்றுப் பிழைக்க, வேலூரில் புதுவாழ்வு மையம் அமைந்தது. தாம் கற்ற தச்சு வேலை அங்கே அவருக்குத் துணை நின்றது. உணர்ச்சியற்ற பாதங்களைக் காக்க, நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரால் மிதியடிகள் செய்யப்பட்டன. பால்மரம் சீவி வாழ்ந்த கெடாத் தோட்டத்து மக்களாகிய நமக்கு இது மகிழ்வூட்டும் செய்தியன்றோ!

1966-இல் அவர் அமெரிக்கா சென்றார். இனிப்பு நீர் நோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பதற்கும் அவர் ஆய்வு பயன்பட்டது. 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே! இனிப்பு நீர் உள்ளவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடவாதீர்கள். வலிக்காத புண்ணே ஆபத்தான புண். தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் குணமாகும் நோயாகும்.

மாணவர்களே! பிறர் தொட அஞ்சிய கையை அவர் அன்போடு பற்றினார். அதனால் உலகிற்கு ஓர் உண்மை கிடைத்தது. நோயுற்றோரை இகழாதிருப்போம், அன்பு காட்டுவோம்!