குழூஉக்குறியும் கடவுச்சொல்லும்

நன்னூல் பயின்ற மாணாக்கர் எவரும் குழூஉக்குறியை மறந்திரார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். பிறர் அறியாவண்ணம் ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குஞ் சொல் அது. ஆயின், உரையாசிரியர் அதனை எடுத்துக்காட்டாக எழுதி, யாமும் ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்புவிக்கச் செய்தபின், அப்பறி இனி எதனை மறைக்கும்?

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று கடையும் அச்சகமும் பண்டகசாலையும் நடத்துவோர். ஆதலின் அவ்விலக்கணப் பாடத்தையே சிறிது நீட்டிக் கணினியின் கடவுச்சொல் பற்றி எழுதத் துணிந்தோம். குழூஉக்குறி கூட்டத்தார்க்கு உரியது. கடவுச்சொல்லோ ஒருவர்க்கே உரியது. இவ்வேறுபாட்டை நம் வணிகர் கருதுவதில்லை.

எம்மிடம் பயின்ற ஒருவரின் இரும்புக்கடையிலே சிப்பந்திகள் நால்வர். விற்பனைப் பட்டியல் எழுதும் கணினிக்குக் கடவுச்சொல் ஒன்றே. அதுவும் கடையின் தொலைபேசி எண். நாட்காட்டியின் ஓரத்தில் எழுதியுமிருந்தது. ஒருநாள் பெருந்தொகைப் பட்டியல்கள் இரண்டு அழிந்திருக்கக் கண்டார். அழித்த கை எது? 'கடை' என்னும் ஒரு பெயரையே கணினி காட்டிற்று. எம் பரிந்துரையால் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்மேல் ஐயஞ் சென்றது. அவர் ஒன்றும் பேசாது விலகினார். திங்கள் சில கழிந்தபின்னரே, முன்பு வேலையை விட்டுப் போன வேறொருவர் வெளியிலிருந்தபடி உட்புகுந்தமை வெளிப்பட்டது. போனவரிடம் பெட்டகத்தின் திறப்பை எண்ணி வாங்கிய முதலாளி, கடவுச்சொல்லை மாற்ற மறந்தார்.

அதிகாரமின்றிக் கணினியுட் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. எனினும் நால்வர்க்கும் ஒரே பெயராயின் குற்றவாளியைச் சட்டமும் எங்ஙனம் பிரித்தறியும்?

இனி, கடவுச்சொல்லைக் கணினி எவ்வாறு வைத்திருக்கிறது? நன்கமைந்த கணினி அச்சொல்லை உள்ளபடி வைப்பதில்லை. அரிசியை மாவாக்குவது போல அரைத்து, மாவை மட்டும் வைக்கும். மாவை மீண்டும் அரிசியாக்கல் இயலாது. கள்வரோ பலரும் வழங்குஞ் சொற்களைத் தாமே முன்னர் அரைத்து, களவாடிய மாவோடு ஒப்பிடுவர். அதனைத் தடுக்க ஒவ்வொன்றிலும் வெவ்வேறு 'உப்பு' கலக்கும் முறையை மொறிசும் தொம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கினர். ஆயினும் 123456 என்று வைத்தார்க்கு எவ்வுப்பும் உதவாது. ஆறு இலக்கங்களால் ஆவன பத்து இலட்சமே. கணினிக்கு அது கணப்பொழுது வேலை. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து திருவுளச்சீட்டு முறையில் நான்கு சொற்களை எடுத்துக் கோப்பின் 36 கோடி கோடிக்கு மேற்பட்ட வகைகள் உண்டாம். குறளின் முதலடியை வைக்கலாமே என்பாருமுளர். தமிழாசிரியரான எமக்கும் அவ்வாசை எழுந்தது. ஊரறிந்த அடி ஊரறிந்த பறியே.

திங்கள்தோறும் மாற்றுக என்னும் பழைய விதியை அமெரிக்க நியம நிறுவனம் 2017இல் கைவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகின்றனர். கசிந்தது தெரிந்தாலோ, அறிந்த ஒருவர் விலகினாலோ அன்றே மாற்றுதல் வேண்டும்.

சிறு கடையை யார் நாடுவார் எனின், பெரியதொன்றின் கதையைக் கேண்மின். 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கினின்று ஏறத்தாழ 95 கோடி டொலரைக் கவர 35 கட்டளைகள் விடுத்தனர். 8 கோடியே 10 இலட்சம் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. நம் இலங்கைக்கு அனுப்பியது 2 கோடி. பெறுவோர் பெயரில் 'பவுண்டேசன்' என்பதைப் 'பண்டேசன்' எனப் பிழைபட எழுதியமையால் இடைநின்ற வங்கியார் ஐயுற்று வினவ, அப்பணம் மீண்டது. எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கும் எம்மனோர்க்கு இது சிறு ஆறுதல். இத்துணைக்கும் தொடக்கம், வேலை வேண்டுவார் போல் ஊழியர்க்கு விடுத்த மின்னஞ்சல்களே என்பது பின்னர் அமெரிக்கப் புலனாய்வில் வெளிவந்தது. வேலை கேட்டு வரும் கடிதம் நம் கடைகளுக்கும் நாளும் வருவதன்றோ?

மேற்சொன்ன இரும்புக்கடையில் இப்பொழுது ஒவ்வொரு சிப்பந்திக்கும் தனிப்பெயர், தனிக் கடவுச்சொல். வங்கிக் கணக்குட் புகக் கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாம் எண்ணும் வேண்டும். அவ்வெண்ணை வங்கியார் எனச் சொல்லிக் கேட்பார்க்கும் உரைத்தலாகாது என்று முதலாளி யாவர்க்கும் சொல்லிவைத்திருக்கிறார். விலகிய இளைஞரை அவர் இருமுறை நேரிற் சென்று அழைத்தார். ஒருமுறை யாமும் உடன் சென்றோம். தேநீர் தந்து உபசரித்தார், திரும்ப வரவில்லை.