ஆசிரியர், வைத்தியர், அணித்தலைவர்

விளையாட்டு மிகுந்தால் கல்வி குன்றும் என்பர் பெற்றோர். கல்வி மிகுந்தால் ஆட்டத்திறன் மங்கும் என்பர் விளையாட்டு வீரர். இவ்விரு கூற்றுகளையும் பிரான்சு நாட்டு றக்பி வீரர் லூசியன் மியாஸ் என்பாரின் வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மியாஸ் 1930ஆம் ஆண்டு தென் பிரான்சின் லொசேர் பகுதியிற் பிறந்தார். எம்மைப் போல ஆசிரியத் தொழில் புரிந்தார். 1951இல் நாட்டின் அணியில் இடம்பெற்றார். றக்பி அணியொன்றில் ஆடுவோர் 15 பேர். அவருள் முன்னணியினர் 8 பேர். அவர்கள் ஒருவரையொருவர் பிணைந்து எதிரணியைத் தள்ளும்போது, இரண்டாம் வரிசையில் நின்று வலிமையூட்டுவது மியாசின் பணி.

1954இல் அவர் நாட்டின் அணியினின்றும் விலகினார். காரணம் யாது? வைத்தியம் கற்க விரும்பினார். துலூஸ் நகரிற் பயின்றுகொண்டே, கம்பளித் தொழிலுக்குப் பேர்போன மசாமே நகரின் கழகத்தில் மாத்திரம் ஆடினார். அங்கே ஆட்டத்தையும் ஒரு பாடமாகவே ஆராய்ந்தார். முன்னணியினர் தனித்தனியே மோதாது, பந்தை அண்மையிற் கைமாற்றி ஓருடல்போல் முன்னேறும் முறையை வளர்த்தார். 1958இல் அச்சிறு நகரின் கழகம் பிரான்சியச் சம்பியன் இறுதிப் போட்டிவரை சென்று, லூர்து அணியிடம் 25–8 எனத் தோற்றது.

அவ்வாண்டே பிரான்சிய அணி தென்னாபிரிக்கா சென்றது. தலைவர் செலாயா காயமுறவே, பொறுப்பு மியாசிடம் வந்தது. கேப்டவுணில் முதலாட்டம் 3–3 எனச் சமமாயிற்று. ஆகஸ்ட் 16இல் ஜொகன்னஸ்பேர்க்கில் 9–5 என வென்றனர். 1896இன் பின் தென்னாபிரிக்க மண்ணில் அந்நாட்டைத் தொடரில் வென்ற முதல் அணி இதுவே. 1959இல் ஐந்து நாடுகள் போட்டியிலும் பிரான்சு முதன்முறையாகத் தனித்து முதலிடம் பெற்றது. அப்போதும் தலைவர் அவரே. அவ்வெற்றியோடு நாட்டின் அணியை விடுத்து வைத்தியரானார். பின்னாளில் முதியோர் மருத்துவத்தில் ஈடுபட்டு, அவர்களைப் பராமரிப்போர்க்குப் பாடங்களும் எழுதினார். 2024இல் காலமானார்.

மாணவர்காள்! இவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்தவரல்லர். காலமறிந்து ஒன்றைக் கீழே வைத்தார்; காலம் வந்தபோது மீண்டும் எடுத்தார். வைத்தவேளை இழப்பே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் மீண்டு வந்தவர் முன்னையினும் சிறந்த வீரராயிருந்தார். எனவே, இரு கூற்றுகளும் முற்றும் உண்மையல்ல. ஆட்டமா, ஏடா என்று வினவுவதிலும், இன்று எது என்று வினவுதலே அறிவுடைமையாம். மைதானத்தினின்றும் மாணவனை அழைத்துவரும்போது, மீண்டும் செல்லும் வழியை அடைக்காதிருத்தல் ஆசிரியராகிய எமக்குரிய பாடமாகும்.