சாரணர் சீருடை

பேடன் பவல் பெருமகனார் 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய சாரணர் பணி, நம் நாட்டில் 1950 நவம்பர் 7 முதல் ஓரியக்கமாய் ஒன்றுபட்டது. கொடியேற்றத்தின்போதும், உறுதிமொழி ஏற்கும்போதும் சாரணர் முழுச் சீருடையில் நிற்றல் வேண்டும். ஆண்டு ஒருவனிடம் ஒரு பொத்தான் குறையினும் அஃது அணிக்கே குறையாம். ஆயின், திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகளில் வெயிலிற் குப்பை அகற்றவோ, சிறுமலையிற் கூடாரம் அடிக்கவோ புகுந்தார்க்கு அவ்வுடை பொருந்துமா? அழுக்குப் படியுமே என்று மண்வெட்டியைத் தொட அஞ்சுவானுக்குச் சீருடை விலங்கேயன்றி வேறன்று. அங்கு எளிய சட்டையே தக்கது. எனினும், கழுத்துக்குட்டையை மட்டும் களைதல் ஆகாது. உறுதிமொழி ஏற்ற நாளில் அணிவிக்கப்பெற்றது அது. திருவிழாக் கூட்டத்தில் உதவி நாடுவார்க்குச் சாரணனை அடையாளங் காட்டுவதும் அது. மலையேறுவோன் ஒருவன் வழுக்கி வீழ்ந்து கையொடிந்தால், முக்கோணமாய் விரித்து, அக்கையை மார்போடு தாங்கிக் கட்ட உதவுவதும் அதுவே.