காதில் ஒரு சிவந்த கட்டி

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒரு வயது. காது மடலில் வேர்க்கடலை அளவில் சிவப்பாக ஒரு கட்டி. தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை. புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: பதறாதீர்கள். 3 வயதுக்குட்பட்ட நாய்களுக்குத் தலையிலும் காதிலும் முடி உதிர்ந்து, பொத்தான்போல எழும்புவது பெரும்பாலும் ஹிஸ்டியோசைட்டோமா என்னும் தீங்கற்ற கட்டி. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை 2, 3 மாதங்களில் கரைத்துவிடும். ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும். வெறும் கண்ணால் பார்த்து மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மெல்லிய ஊசியால் செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. அதுவரை பிதுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவவே வேண்டாம், சோதனை முடிவையே அது குழப்பிவிடும். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.